தங்க அட்டையும் ஒரு புள்ளிக் கணக்கும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதிலும் மாமனார் எதிரில் உட்கார்ந்தால் இன்னும் ஒரு முழம் வளரும்.

அடிக்கடி சிங்கப்பூர் போய்வரும் உத்தியோகம். விமானக் கம்பெனிக்காரன் ஒரு நாள் எனக்குத் தங்க அட்டை கொடுத்துவிட்டான். அன்று காரைக்குடி வீட்டில் நான் போட்ட ஆட்டம் இருக்கிறதே! கல்யாணமாகி ஆறு மாதம். மாமனார் என்னிடம் "வாங்க, சாப்பிட்டீகளா" என்பதைத் தாண்டிப் பேசியதே இல்லை. அவரை எப்படியாவது அசத்திவிட வேண்டும் என்பதுதான் அப்போது என் ஒரே லட்சியம்.

சமயமும் வாய்த்தது. சிங்கப்பூரில் கொழுந்தியாளின் புதுவீட்டுப் பால்காய்ச்சு. மாமா, அத்தை, என் மனைவி மீனாள், நான், நாலு பேரும் திருச்சியில் விமானம் ஏறுகிறோம்.

"மாமா, ஏர்போர்ட்ல வெளிய உக்காரவே வேணாம். லவுஞ்சுக்குப் போறோம். சோபா, சூடா வடை, காபி, எல்லாம் சும்மா! நாலு பேரும் என் கணக்கு!"

"அப்படியா மாப்பிள்ளை? ரொம்ப சந்தோஷம்."

அட்டையோடு வந்த கடிதத்தில் 'உறுப்பினரும் ஒரு விருந்தினரும்' என்றுதான் இருந்தது. அதை நான் எங்கள் ஊர்க் கணக்கில் படித்துத் தொலைத்தேன். (கோயில் காரியத்துக்கு நாங்கள் ஆளை எண்ண மாட்டோம்; புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு புள்ளி.) நானும் மீனாளும் ஒரு புள்ளி. மாமாவும் அத்தையும் விருந்தாளிப் புள்ளி. சரியாப் போச்சு!

காலையில் போய்ப் பார்த்தால், தங்க வரிசை சாதா வரிசையைவிட நீளம்! ஊரில் பாதிப் பேர் தங்கமாகியிருந்தார்கள். ஒருவழியாக லவுஞ்ச் வாசலுக்கு வந்தோம். அங்கே இருந்த பெண், "ஒரு கெஸ்ட்தான் சார்" என்றாள்.

"நானும் ஒரு புள்ளிதாம்மா கேக்குறேன்!"

"புள்ளின்னா பாயின்ட்ஸா சார்? பாயின்ட்ஸ வச்சு உள்ள விட முடியாது."

விட்டேனா நான்? இவர்கள் புருஷன் பெண்டாட்டிதான், கல்யாணப் போட்டோ காட்டவா என்று கத்தினேன். பின்னால் நின்ற தங்கங்கள் உச்சுக்கொட்டின. மீனாள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, மானத்தை வாங்காதீக!"

மாமா மெல்ல முன்னால் வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்பு அட்டையை எடுத்து நீட்டினார். அந்தப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள். "வாங்க சார்! உங்களோட ரெண்டு பேர் வரலாம்." (பினாங்கு வியாபாரத்துக்காக வருஷக்கணக்காகப் பறக்கிற மனுஷர். நான் பீற்றிக்கொண்டபோது மூச்சு விடவில்லை!)

"ஆசையாச் சொன்னீக மாப்பிள்ளை. கெடுக்க வேணாம்னு இருந்தேன்" என்றார். எனக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அத்தையும் மீனாளும் அவரோடு உள்ளே போனார்கள்.

"அப்ப நான்?"

"நீங்க தங்கம் சார். இவங்களோட உள்ள நிறைஞ்சிருச்சு, கொஞ்சம் வெளிய நில்லுங்க."

அரைமணி நேரம் கழித்து அத்தை கண்ணாடிக் கதவைத் திறந்து, காகிதத்தில் மடித்த ஒரு வடையை நீட்டினார். "பசிச்சிருப்பீக, சாப்பிடுங்க." நின்றபடியே தின்றேன். நல்ல வடைதான்.

போன மாதம் கொத்தமங்கலத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். முதல் பந்தி நிறைந்துவிட்டதால் வாசலில் நின்றேன். மைக்கில் என் மச்சினன், மீனாளின் தம்பி, குரல்: "தங்க உறுப்பினர்கள் அடுத்த பந்தி வரை வெளியே காத்திருக்கவும்!"

பந்தலே சிரித்தது. எவன் எழுதிக் கொடுத்தான் என்று சண்டைக்குப் போனேன். மச்சினன் முதல் இலையைக் கை காட்டினான். அங்கே மாமா, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.