தத்ரி நாளில் நான் போட்ட தேத்தண்ணி

எனக்குக் கோபம் வந்தால் முதலில் போவது காது. பிறகு புத்தி. கால் மட்டும் கடைசி வரைக்கும் நன்றாக வேலை செய்யும். அந்தக் கால்தான் என்னை ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில் முன்பின் தெரியாத ஒருவரின் குசினிக்குள் கொண்டுபோய் விட்டது. இருபது வருடம் ஆகிறது. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

தம்பி குகன் கவிதா என்ற சிந்திப் பெண்ணை விரும்பினான். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில். ஒஸ்லோவில் அவனுக்குப் பெரியாள் நான்தான். (சாதாரணப் பெரியாள் இல்லை, பட்டுச் சேலை கட்டின பெரியாள்.) கவிதாவின் அம்மாவுக்கு எங்களைப் பிடித்தால்தான் கல்யாணம்.

"அவையளுக்கு அண்டைக்கு ஏதோ கொண்டாட்டமாம் அக்கா. அதுக்குத்தான் கூப்பிட்டிருக்கினம்" என்றான். என்ன கொண்டாட்டம் என்று கேட்கவில்லையாம். மூன்று வருடக் காதல்! அதற்காக அவனுக்கு இன்றைக்கும் இரண்டு அறை கொடுக்கலாம்.

ஆவணி மழை. எங்கள் வீடு இருக்கிற மோர்டென்ஸ்ருட்டில் ஏறி, நகரத்தில் ரயில் மாறி ஸ்டோவ்னரில் இறங்கும்போது சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. கவிதாவின் அம்மா சிரித்த முகத்தோடுதான் வரவேற்றார். தட்டு வந்தது. பச்சைத் தண்ணீர், தயிர், ஆறிப்போன இனிப்பு ரொட்டி. அதற்கு லோலோ என்று பெயராம். "நேற்றுச் செய்தது" என்று நோர்வேஜிய மொழியில் பெருமையாக வேறு சொன்னார்.

நேற்றுச் செய்தது! சம்பந்தம் பேச வந்தவளுக்கு! எங்கள் பக்கத்தில் தபால்காரருக்குக்கூடச் சுடச்சுடத் தேத்தண்ணி கொடுப்போம். இருபது நிமிடம் பொறுத்தேன். தேத்தண்ணி வருகிற சாடையே இல்லை. தாயும் மகளும் பூசைத் தட்டு எடுக்க உள்ளே போனார்கள்.

"எடேய், எங்களை வேண்டாம் எண்டு சொல்லாமல் சொல்லினம்" என்று சீறினேன்.

"அக்கா, சும்மா இருங்கோ!"

சும்மா இருந்தால் நான் நானா? எழும்பிக் குசினிக்குள் போனேன். மின்சார அடுப்பின்மேல் ஈரம். மிளகாய்த்தூள் சிந்திக் கிடந்தது. நாலு அரிசி வேறு. அடுப்புத் துடைக்கவும் தெரியாத வீட்டிலா என் தம்பிக்குப் பெண் எடுப்பது! நன்றாக அழுத்தித் துடைத்துவிட்டுப் பாலை வைத்தேன்.

பால் பொங்கியது. திரும்பினால், பூசைத் தட்டோடு வாசலில் கவிதாவின் அம்மா.

கவிதாதான் மெதுவாகச் சொன்னாள். அன்று தத்ரி. அம்மை நோய்க்குரிய தெய்வத்தைக் குளிர்விக்கிற நாள். முதல் நாளே சமைத்து, அடுப்புக்குக் குங்குமமும் அரிசியும் வைத்து, தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டால் மறுநாள் வீட்டில் நெருப்பே கூடாது. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்கத் தாய்மார் பிடிக்கிற விரதம்.

எனக்குத் தெரியாத தெய்வமா? எங்கள் வீட்டில் யாருக்காவது அம்மாள் வருத்தம் வந்தால் தாளிக்கக்கூட மாட்டோம். அவளுக்கு வைத்த குங்குமத்தையா நான் பழந்துணியால் துடைத்தேன்! அந்த அம்மா உள்ளே வந்தார். அடுப்பை அணைத்தார். தண்ணீர் தெளித்து, மறுபடி குங்குமம் வைத்தார். வெட்கத்தில் செத்துப்போனேன்.

ரயிலில் குகன் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. "முதலே சொல்லியிருக்கலாமேடா!" என்று கத்தினேன். "எனக்கும் தெரியாது அக்கா" என்று சொல்லிவிட்டு அழுதான். நான் ஒருத்தி அவன் வாழ்க்கையை ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் முடித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

நாலு மாதம் ஒரு பதிலும் இல்லை. பிறகு கவிதாவின் அம்மாவிடமிருந்து போன் வந்தது, அவனுக்கு இல்லை, எனக்கு. "அடுத்த தத்ரிக்கு முதல் நாள் வா. அடுப்பை நீயே குளிரவை. பிறகு கல்யாணம் பேசலாம்."

போனேன். என் கையாலேயே தண்ணீர் தெளித்துக் குங்குமம் வைத்தேன். கல்யாணம் நடந்தது.

ஆனால் விடுகிறார்களா? ஒவ்வொரு தத்ரிக்கும், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, கவிதாவின் அம்மா என் முன்னால் வந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்பார்:

"தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

இருபது வருடத்தில் அந்த மனிசி பாடமாக்கிய தமிழ் அந்த ஒரு வசனம்தான்.