சோதனைக் கொட்டகையில் காய்த்த சுரை

இரண்டு ராஜ்ஜியங்கள் இருந்தன. நடுவில் ஒரு வாய்க்கால். வாய்க்காலில் தண்ணீர் ஓடிய காலத்தில் அங்கே எல்லை கிடையாது. எல்லை வந்த பிறகு தண்ணீர் கிடையாது. அகலம் பன்னிரண்டு அடி. தலையில் மூட்டையோடு ஓர் ஆள் இறங்கி ஏறினால், வாயில் இருக்கும் பீடி பாதிகூடக் கரியாது. இந்தக் கரைக்கு மேல்கரை நாடு என்று பெயர், அந்தக் கரைக்குக் கீழ்கரை நாடு. சுமந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு கரையும் ஒரே உயரம்தான்.

மேல்கரையை வேகவர்மர் என்ற அரசர் ஆண்டுவந்தார். அந்த நாட்டில் அரசரும் உண்டு, செல்போனும் உண்டு. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தேர்தலும் உண்டு. மக்களின் வசதிக்காகத் தேர்தல் அலுவலகத்தை எல்லைச் சோதனைக் கொட்டகைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். அரசரை எதிர்த்து நிற்க விரும்பியவர்களின் மனுக்கள் சோதனையில் இருந்தன. ஆகவே ஒவ்வொரு முறையும் அரசர் போட்டியின்றி வென்றார்.

வேகவர்மருக்கு வேகம் பிடிக்கும். கொட்டகைச் சுவர் முழுக்க ‘நொடியில் வணிகம்’ என்று எழுதச் சொன்னார். எழுதி முடிக்க ஒன்பது மாதம் ஆனது.

கொட்டகைக்கு இரண்டு வாசல்கள். பெரிய வாசல் வழியாகப் பெரிய வியாபாரிகளின் வண்டிகள் போகும். அந்தப் பெட்டிகளை யாரும் திறப்பதில்லை. அவ்வளவு பெரிய பெட்டியைச் சந்தேகப்பட்டால் உரியவர் மனம் புண்படுமே என்று அரசாங்கம் கவலைப்பட்டது. சின்ன வாசல், வீட்டிலிருந்தபடி செல்போனில் கடை நடத்துகிறவர்களுக்கு. அப்பளம், சோப்பு, வளையல், மண் பொம்மை என்று முழங்கை நீளப் பார்சல்கள். ‘சிறியவர்களைத் தனித்தனியாகக் கவனிப்போம்’ என்று அரசர் வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குக் காப்பாற்றப்பட்டது. ஒவ்வொரு பார்சலும் பதினொரு மேசைகளில் தனித்தனியாகக் கவனிக்கப்பட்டது.

சின்ன வாசலுக்குப் பக்கத்திலேயே தெய்வானை குடியிருந்தாள். இருபது வருஷம் சூளையில் செங்கல் சுமந்தவள். இரண்டு வருஷமாகத்தான் தலையில் சும்மாடு இல்லை. நாட்டுக் காய்கறி விதைகளைப் பொட்டலம் கட்டி ஆன்லைன் சந்தையில் விற்றாள். அந்தச் சந்தைக்கு ஒரு விதி இருந்தது. ஆர்டர் வந்து தொண்ணூறு நாளுக்குள் பொருள் போய்ச் சேர வேண்டும். மூன்று முறை தவறினால் கடை தானாக மூடிக்கொள்ளும், மறுபடி திறக்காது.

தெய்வானை இரண்டு முறை தவறியிருந்தாள். முதல் முறை, பொட்டலத்தைச் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்ததால் அது உணவுப் பொருள் ஆகிவிட்டது. இரண்டாம் முறை, உணவுப் பொருளைப் பார்க்கும் அதிகாரி விரைவுச் சேவைக்கான பதக்கம் வாங்கத் தலைநகருக்குப் போயிருந்தார். போனவர் மூன்று மாதம் கழித்துப் பதக்கத்தோடு வந்தார்.

மூன்றாவது ஆர்டர் சித்திரையில் வந்தது. ஏழு சுரை விதை. கேட்டவள் வடிவு, கீழ்கரை நாட்டுக்காரி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் முதல் வீடு அவளுடையது. கொட்டகையின் பின்சுவரும் அவள் வாசலும் நேருக்கு நேர். வெயில் தாங்கவில்லை என்று நாலு கால் நட்டு வெறும் பந்தல் போட்டுவைத்திருந்தாள். ஆடிக்குள் அதில் கொடி படர வேண்டும்.

“ஏக்கா, இங்கன நின்னு கையை நீட்டுறேன். குடுத்துருங்க,” என்றாள் வடிவு, அந்தக் கரையில் நின்றபடி.

“குடுத்துருவேன் வடிவு. விதைக்கு ஒரு வருஷம்னு ஏழு வருஷம் உள்ள தூக்கிப் போட்ருவானுங்க. நீ வந்து பந்தலுக்குத் தண்ணி ஊத்துவியா, எனக்குச் சோறு கொண்டாருவியா?”

“அப்ப பார்சல்லயே போடுங்க.”

தெய்வானை பார்சல் கட்டி, இருபது அடி நடந்து, சின்ன வாசலில் கொடுத்தாள். முதல் மேசையில் எல்லைச் சோதனைப் பெருந்தலைவர் மார்த்தாண்ட பூபதியே உட்கார்ந்திருந்தார். சிறியவர்களைத் தானே நேரில் கவனிப்பவர் அவர்.

“பொருள் யாது?”

“சுரை விதைங்க.”

“எண்ணிக்கை?”

“ஏழு.”

“அனுப்பும் நோக்கம்?”

“முளைக்கத்தாங்க.”

பேனா நின்றது. “முளைக்கும் என்பது உனக்கு முன்கூட்டியே தெரியுமா?”

“விதைன்னா முளைக்கும்தானுங்களே.”

“தெரிந்தே அனுப்புகிறாய்,” என்று சொல்லி, அதை ஒரு தனித்தாளில் எழுதிக்கொண்டார்.

பார்சல் மூன்றாம் மேசை வரை வந்து, அங்கே இருந்த குவியலின் மேல் உட்கார்ந்தது. எட்டாம் நாள் கோடை மழை பிடித்தது. கொட்டகைக் கூரையில் நூறு ஓட்டைகள். கூரைக்கு வந்த புது ஓடுகள் நான்காம் மேசையில் சோதனையில் இருந்தன. மூன்று நாள் பெய்ததில், பார்சலுக்கு நேர் அடியில் இருந்த மண் பொம்மைகள் நனைந்து பழையபடி மண்ணாயின. அந்த மண்மேல் தெய்வானையின் பார்சல் இருந்தது.

கொட்டகையில் மூட்டை தூக்குகிற சூசை, வேலை முடிந்து போகும் வழியில் அவள் வீட்டு முன் நின்றான். நாற்பது வயது ஆள், தோள் இரண்டும் காய்த்தவன்.

“அக்கா, உங்க பார்சல் கண்ணு முழிச்சிருச்சு.”

“என்னடா சொல்ற?”

“ரெண்டு எலை விட்ருக்கு. மூணாவது வெளிய வரலாமான்னு யோசனை பண்ணுது.”

தெய்வானை ஓடினாள். மார்த்தாண்ட பூபதி ஏற்கெனவே கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“விதை என்று எழுதிக் கொடுத்தாய். உள்ளே இருப்பது செடி. இது பொய்க் கூற்று.”

“நீங்க வச்சிருந்தீங்க, முளைச்சிருச்சு. அன்னைக்கே சொன்னேனுங்களே.”

“சொன்னாய். முன்கூட்டியே திட்டமிட்டிருக்கிறாய் என்பதற்கு அதுதான் சான்று. ஆயினும் அரசர் கருணை மிக்கவர். செடிக்கான படிவத்தைப் பூர்த்தி செய். உயரத்தை மட்டும் சரியாகக் குறிப்பிடு.”

தெய்வானை ஒரு சாண் என்று எழுதினாள். படிவம் ஐந்தாம் மேசைக்குப் போவதற்குள் கொடி மூன்று சாண் ஆகிவிட்டது. உயரம் தவறு. மூன்று சாண் என்று திருத்தினாள். ஆறாம் மேசைக்குப் போவதற்குள் கொடி ஓர் ஆள் உயரம். தலைநகரிலிருந்து தாவர நிபுணர் ஒருவர் வந்தார். அளந்தார். கணக்கை எழுதிவிட்டு, கை கழுவி வந்து மறுபடி அளந்தார். முகம் சிவந்துபோனார்.

“இந்தக் கொடி அரசு ஊழியரோடு ஒத்துழைக்கவில்லை,” என்று அறிக்கை கொடுத்தார்.

அறிக்கை அரசவைக்குப் போனது. மறுநாளே ஆணை வந்தது. அதில் மட்டும் வேகம் இருந்தது. ‘சோதனையில் உள்ள செடிகள் சோதனை முடியும்வரை வளரக் கூடாது.’ தண்டோரா போட்டார்கள். ஆணையின் நகலைக் கொடிக்கு நேர் எதிரே தூணில் ஆணியடித்து மாட்டினார்கள், கொடியும் படித்துக்கொள்ளட்டும் என்று. கொடி அதுவரை பிடிமானம் இல்லாமல் தரையில் தவித்துக்கொண்டிருந்தது. இரண்டே நாளில் அந்த ஆணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது.

அரசவை மறுபடி கூடியது. ஒரு பார்சல் ரகசியமாக முளைத்தால், மற்றவை முளைக்காது என்று என்ன உறுதி? இரண்டாவது ஆணை பிறந்தது. சின்ன வாசலுக்கு வரும் எல்லாப் பார்சல்களையும் நாற்பது நாள் பிரித்துவைத்து முளைக்கிறதா என்று பார்க்க வேண்டும். சோதனை நேர்மையாக நடக்க, அவற்றுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றுகிற தண்ணீரைச் சுமக்கும் வேலை சூசைக்கு.

அப்பளம் விற்கும் ஞானமுத்து முதல் மேசைக்கு வந்து கைகட்டி நின்றார். “ஐயா, அப்பளம் முளைக்காதுங்க.”

“அதைத்தான் நிரூபிக்கப் போகிறோம்,” என்றார் மார்த்தாண்ட பூபதி. “உமது நன்மைக்காகத்தான். முளைக்காது என்று அரசாங்கமே சான்றிதழ் தந்தால் உமது அப்பளத்துக்கு எவ்வளவு பெருமை.”

நாற்பதாம் நாள் சான்றிதழ் கிடைத்தது. அப்பளம் கூழாகியிருந்தது. சோப்புக்காரியின் பெட்டியில் நுரை மட்டும் மிச்சம். வளையல் முளைக்கவில்லை, துருப்பிடித்தது. பெரிய வாசல் வழியாக வண்டிகள் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தன. அவற்றின் உள்ளே என்ன முளைத்தது என்று யாருக்கும் தெரியாது.

இதற்கிடையே, ஆர்டர் வந்த ஐம்பத்தைந்தாம் நாள் சுரை பூத்தது. கொட்டகை இருட்டில் வெள்ளை வெள்ளையாய்ப் பூ. மார்த்தாண்ட பூபதி தெய்வானையைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“செடி என்று எழுதினாய். இப்போது பூ இருக்கிறது. பூவுக்குத் தனிப் படிவம்.”

“ஐயா, பூவுக்கு எழுதிக் குடுத்தா அது பிஞ்சாகுமுங்க. பிஞ்சுக்கு எழுதுனா காயாகும். நான் எப்பதான் எழுதி முடிக்கிறது?”

“இயற்கையின் குழப்பத்துக்கு அரசாங்கம் பொறுப்பேற்க இயலாது.”

அவள் திரும்பி வந்தபோது வாசலில் சூளை மேஸ்திரி நின்றிருந்தார். செல்போன் கடைகள் ஒவ்வொன்றாக மூடுவது அவருக்கும் தெரிந்திருந்தது. ஆறு பேர் ஏற்கெனவே சூளைக்குத் திரும்பிவிட்டார்கள்.

“அவசரமில்ல தெய்வானை. உன் எடத்தை யாருக்கும் குடுக்கல,” என்றார். நல்ல மனிதர்தான். அவர் போன பிறகு தெய்வானை உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இரண்டு வருஷத்தில் அங்கே முடி வளர்ந்திருந்தது.

கொடியோ இதையெல்லாம் கவனிக்கவில்லை. தூணில் ஏறி, விட்டத்தில் தவழ்ந்து, பின்சுவர்ச் சந்தில் வெளிச்சம் கண்டு தலையை நீட்டியது. சூசை அந்தப் பக்கம் மூட்டைக் கயிறு ஒன்றை உலர்த்தக் கட்டியிருந்தான். கயிற்றின் இன்னொரு முனை எப்படியோ வாய்க்காலுக்கு அப்பால், வடிவின் பந்தல்காலில் மாட்டியிருந்தது.

“காத்துல பறந்துபோய் மாட்டிக்கிச்சு,” என்றான் சூசை, யாரும் கேட்காமலே.

எல்லைக் காவலர் அந்தக் கயிற்றையும் கொடியையும் பார்த்தார். சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். ஆள், மாடு, வண்டி, பொதி என்று இருந்தது. கொடி என்று இல்லை. இல்லாத ஒன்றைத் தடுத்தால் நாளைக்கு யார் பதில் சொல்வது? புத்தகத்தை மூடிவைத்து வேறு பக்கம் பார்த்து நின்றார்.

எண்பத்தெட்டாம் நாள் காலையில் வடிவு பந்தலடியில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தாள். தலைக்கு மேல் பச்சை. நாலு சுரைக்காய் தொங்கியது. செல்போனை எடுத்து, ‘கிடைத்தது’ என்ற பொத்தானை அழுத்தி, ஐந்து நட்சத்திரமும் கொடுத்து, கீழே எழுதினாள்: ‘விதை கேட்டேன். பந்தலே வந்தது.’

தெய்வானையின் கடை மூடவில்லை. அவள் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சூசை பயந்துபோனான்.

கொட்டகையில் நிலைமை வேறு. பதினொரு மேசையும் தாண்டாத பார்சல் போய்ச் சேர்ந்துவிட்டது. மார்த்தாண்ட பூபதி வேர்த்துப்போய் ராஜினாமாக் கடிதம் எழுதினார். அதை அனுப்புவதற்குள் அரசரின் ஓலை வந்தது. எண்பத்தெட்டே நாளில் சின்ன வாசல் பார்சல் ஒன்று எல்லை கடந்தது நாட்டின் வரலாற்றிலேயே முதல்முறையாம். நொடியில் வணிகம் வென்றுவிட்டதாம். அரசரே நேரில் வந்து, புகழ்பெற்ற அந்தச் சுரைக்காயைக் கறியாக்கிச் சாப்பிட்டு விழாவைத் தொடங்கிவைப்பாராம்.

பந்தி கொட்டகையிலேயே போட்டார்கள். அரசர், அமைச்சர்கள், நடுவில் வாழையிலை. சமையற்காரர் கத்தியோடு வந்தார். “காயைக் குடுங்க, நறுக்கணும்.”

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. காய் அந்த நாட்டில் தொங்குகிறது. பறித்து வந்தால் அது இறக்குமதி. பதினொரு மேசை. அரசரின் கண்முன்னே அரசரின் சட்டத்தை மீறுவது எப்படி? மார்த்தாண்ட பூபதி சிறிது யோசித்தார். பிறகு காய்க்குப் பதிலாகச் சுரையின் கோப்பு முழுவதையும் கொண்டுவரச் சொன்னார். அறுநூறு பக்கம். விதை, செடி, பூ, பிஞ்சு, காய், ஒவ்வொன்றுக்கும் நிபுணர் வரைந்த படம், மும்மூன்று நகல்.

சமையற்காரர் அதை வாங்கி எடை பார்த்தார். “இதுல எது காம்புப் பக்கம்ங்க?”

பதிலுக்குக் காத்திராமல் அதை அடுப்போரம் வைத்தார். சொன்னதைச் செய்கிற வேலைக்காரர் அவர். உப்பும் மிளகாயும் போட்டு வெந்நீர் காய்ச்சி ஊற்றினார். அந்த நேரம் பார்த்து வாய்க்காலுக்கு அப்பால் வடிவு நிஜச் சுரைக்காயைத் தாளித்துக்கொண்டிருந்தாள். மணம் பன்னிரண்டு அடியைத் தாண்டிப் பந்திக்கு வந்தது. அரசர் ஒரு வாய் வெந்நீர் குடித்து, மூச்சை இழுத்து, “அருமையான கறி,” என்றார். உப்பு அளவாக இருப்பதாக அமைச்சர்கள் சொன்னார்கள். மார்த்தாண்ட பூபதி மட்டும் ஒரு புதுத் தாளை எடுத்து, ‘மணம். அனுமதியின்றி உள்ளே வந்தது’ என்று குறித்துக்கொண்டார்.

விழா முடிந்து சாயங்காலம், தெய்வானையின் செல்போன் ஒலித்தது. கீழ்கரையிலிருந்து புது ஆர்டர். வடிவு எழுதியதைப் படித்துவிட்டு யாரோ கேட்டிருக்கிறார்கள். ஏழு பூசணி விதை. ஊர், எல்லையிலிருந்து இரண்டு மைல் உள்ளே.

அவள் சூசையைப் பார்த்தாள். “ரெண்டு மைலுடா. கொடி அவ்வளவு தூரம் போகுமா?”

சூசை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். கொட்டகையின் பதினொரு மேசைகளையும் ஒரு முறை பார்த்தான்.

“அது அவங்க எத்தனை நாள் வச்சிருக்காங்கங்கிறதைப் பொறுத்துக்கா. நம்பிப் போடுங்க. நான் கயிறு பாக்குறேன்.”