சோலார் மானியம் வரட்டும்

சூரியனை மொட்டைமாடிகளில் குடியேற்ற அரசாங்கம் எடுத்துக்கொண்ட சிரத்தையைச் சூரியனே எடுத்துக்கொண்டதில்லை. இந்த மாபெரும் உண்மையை முதலில் உணர்ந்த பெருமை, கடைத்தெருவில் பேனல் விற்றுவந்த சோலார்காரரையே சேரும்.

மானியம் என்ற பேச்சே இல்லாத அந்த இருண்ட காலத்தில், அவர் மாதம் ஆறேழு வீடுகளுக்குப் பேனல் மாட்டிக்கொண்டிருந்தார். ஏணியில் ஏறி அவரே போல்ட் முடுக்குவார். பிறகு அறிவிப்பு வந்தது: வீட்டுக்குப் பேனல் வாங்குவோருக்குப் பாதி விலை மானியம், 'விரைவில்'. அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார், பாவம்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டுப் பல் டாக்டர் வந்து நின்றார். அவர் மாடியில் இரும்புச் சட்டம் அடித்தாகிவிட்டது. பேனலை ஏற்றுவதுதான் பாக்கி.

"ஏத்த வேணாம். மானியம் வரட்டும்."

"எப்ப வரும்னு தெரியாதே டாக்டர்?"

"எப்பவோ வரட்டும். பாதி விலைக்குக் கிடைக்கிறதை முழு விலைக்கு வாங்க நான் என்ன இளிச்சவாயனா?"

ஊரார் வாயையெல்லாம் பிளக்க வைப்பவர் இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? ஊரே டாக்டரைப்போல் புத்திசாலியாகிவிட்டது. எட்டு மாதத்தில் ஒரு பேனல்கூட நகரவில்லை. டாக்டர் வீட்டுச் சட்டத்தில் துணி காய்ந்தது. அந்த அளவில் சூரிய சக்தி வீண்போகவில்லை.

"கடையில உக்காந்து என்னதான் பண்றீங்க?" என்றாள் மனைவி.

"பேனலைத் துடைக்கிறேன்."

"நேத்தும் அதைத்தானே துடைச்சீங்க?"

அவருக்குச் சுருக்கென்றது. அன்றே கடையைப் பூட்டிவிட்டு மானிய அலுவலகத்துக்குப் போனார்.

"திட்டம் அமோக வெற்றி!" என்று வரவேற்றார் அதிகாரி. "நாப்பதாயிரம் விண்ணப்பம்!"

"எத்தனை வீட்டுல மாட்டியிருக்கு சார்?"

"மாட்டறதா? அதெல்லாம் அடுத்த கட்டம். வர்ற வாரம் ஆரம்பிக்கிறோம். ஆனா அங்கீகாரம் உள்ள கடையிலதான் வாங்கணும்."

"எனக்கும் அங்கீகாரம் குடுங்க."

"கடந்த ஆறு மாசத்துல எத்தனை வித்தீங்க?"

"ஒண்ணுமில்ல."

அதிகாரி உச்சுக்கொட்டினார். "அனுபவம் இல்லாதவங்களை மாடியில ஏத்தினா விழுந்துட மாட்டாங்களா?"

"பதினோரு வருஷமா இந்தக் கையாலதான் சார் மாட்டினேன்! உங்க அறிவிப்பு வந்த அன்னைக்கு நின்ன வியாபாரம்!"

அதிகாரியின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்.

"இதை முதல்லயே சொல்லக்கூடாதா? மானியத்தால நொடிச்சுப்போனவங்களுக்குன்னே தனியா ஒரு மானியம் வச்சிருக்கோம். கையெழுத்துப் போடுங்க. அது கைக்கு வர்ற வரைக்கும் வேற பொழைப்பு எதுவும் தேடிடாதீங்க, தகுதி போயிடும்!"