தலைமடை தேடிய வட்டவிதானையார்

பஸ்ஸின் மணிக்கயிற்றை இழுத்தது மீராமுகைதீன்தான். அந்தப் பழியை வேறு ஒருவர் தலையிலும் போட முடியாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் முதற்கட்டடம் கண்ணில் பட்டதுமே எழுந்து நின்று இழுத்துவிட்டார்.

“இது இல்ல வாப்பா. விஞ்ஞான பீடம் ஆத்துக்கு அங்கால” என்றாள் மகள் றாஹிலா.

“நீ சும்மா இரு புள்ள. எதுக்கும் தண்ணி துறக்கிற தலைமடை ஒண்டு இரிக்கும். அங்க போய்க் கதைச்சாத்தான் வேல நடக்கும்.”

கல்முனைப் பக்கத்தில் அவர் வட்டவிதானை. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று முடிவு செய்கிறவர். பல்கலைக்கழகத்தை ஒரு குளமாகவும், பீடங்களை அதன் கீழுள்ள வயற்கண்டங்களாகவும் மனதுக்குள் வரைந்து வைத்திருந்தார். தண்ணீர் கேட்டு வருகிறவர்கள் அவரிடம் வெறுங்கையோடு வந்ததில்லை. ஆகவே அவரும் நாலு மண்முட்டி எருமைத் தயிரோடு பஸ் ஏறியிருந்தார்.

இன்றைக்குப் பதியாவிட்டால் இடம் பறிபோகும் என்று மகள் சொன்ன நாளிலிருந்து அவருக்கு வேறு நினைப்பில்லை. ஊரில் விதைப்பு நேரம் வேறு. பதிந்த கையோடு அடுத்த பஸ்ஸில் திரும்புவதாகச் சொல்லித்தான் புறப்பட்டார்.

இறங்கிய இடம் பொறியியல் பீடம். வாசலில் நின்ற விரிவுரையாளரிடம் றாஹிலா ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ கேட்டாள். அவர் மீராமுகைதீனை ஒரு கணம் பார்த்தார். பிறகு வாயெல்லாம் பல்லாக உள்ளே அழைத்தார்.

“என்னவாம் புள்ள?”

“இதுக்குள்ளால போகட்டாம் வாப்பா.”

உள்ளே கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு வாய்க்கால். அதற்கு ஒரு குட்டி மடைக்கதவு. வட்டவிதானையின் கை சும்மா இருக்குமா? தூக்கினார். பாய்ந்த தண்ணீர் மேசையிலிருந்த தாள்களை நனைத்து, விரிவுரையாளரின் சப்பாத்துக்குள்ளும் இறங்கியது.

“யா அல்லாஹ்! வரம்பில்லாம வாய்க்கால் வெட்டி வெச்சிரிக்காங்களே!”

வெட்கத்தில் ஒரு தயிர் முட்டியை எடுத்து நீட்டினார். விரிவுரையாளர் விழுந்து விழுந்து சிரித்தார். தன் ஜீப்பிலேயே இருவரையும் ஏற்றி, ஆற்றைக் கடந்து கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

இறக்கிவிட்ட இடம் விவசாய பீடம்.

“இதுவும் இல்லியேகா!”

“கொஞ்சம் பொறுங்க வாப்பா, கேட்டுப் பாக்கிறன்.”

அங்கேயும் மெதுவான ஆங்கிலம். அங்கேயும் ஒரு பார்வை, ஒரு சிரிப்பு. அவரை நெற்பாத்திகளுக்குக் கூட்டிப்போனார்கள். பாத்தியைக் கண்டதும் பதிவு மறந்தது. மண்ணை உருட்டிப் பார்த்தார், கதிரைத் தடவினார். போகிற போக்கில், உதவியாக இருக்கட்டும் என்று ஒரு கைப்பிடி புல்லைப் பிடுங்கி வரம்பில் போட்டார். அது ஓர் ஆராய்ச்சி மாணவன் ஆசையாக வளர்த்த பயிர். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

இரண்டாவது முட்டி அவனுக்குப் போனது.

அவனே வழிகாட்டியாக வந்து மருத்துவ பீடத்தில் விட்டான். கதவைத் திறந்ததும் எதிரே ஒரு முழு எலும்புக்கூடு தொங்கியது.

“இன்னாலில்லாஹி! ஆர்ர மையித்துகா இது? அடக்காம வெச்சிரிக்காங்களே!”

தொப்பியைச் சரிசெய்து, கைகளை ஏந்தி நின்றவர் துஆ முடியும்வரை அசையவில்லை. பாடத்துக்கு வந்த மாணவர்கள் அவருக்குப் பின்னால் அமைதியாக வரிசையில் நின்றார்கள். முடிந்ததும் றாஹிலாவின் மெதுவான ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரித்த ஒருத்தி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். மூன்றாவது முட்டி அவர்களுக்கு.

வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மீராமுகைதீன் ஒரு மரத்தடியில் குந்தினார்.

“இவ்வளவு படிச்ச ஆக்களுக்கு ஒரு வழி செல்லித்தரத் தெரியாதா? உன்ட இங்கிலிசில ஏதும் பிழையா புள்ள?”

“எல்லாரும் சரியாத்தான் செல்றாங்க வாப்பா.” றாஹிலா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“அவங்களில குத்தமில்ல. மணியை இழுத்தவன் நான். உன்ட இடம் போனா உம்மாட முகத்தில எப்பிடி முழிப்பன்?” சால்வையால் கண்ணைத் துடைத்தார். “ஆனா ஒண்டு. போன இடமெல்லாம் என்ன ராசா மாதிரி நடத்தினாங்க. அல்லாஹ் அவங்களுக்கு றஹ்மத் செய்யட்டும்.”

றாஹிலா அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். இந்த முறை அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேரே நடந்தாள். இரண்டு திருப்பத்தில் விஞ்ஞான பீடம் வந்தது.

அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார் கனகசபாபதி என்ற எழுதுவினைஞர். தமிழ் முகத்தைக் கண்டதும் மீராமுகைதீனுக்குப் பாதி உயிர் வந்தது. கடைசித் தயிர் முட்டியை அவர் கையில் திணித்தார்.

“ஐயா, பிந்தினது என்ட பிழை. புள்ள அப்பாவி. காலையிலிருந்து பீடம் பீடமா அலையிறம், ஒருத்தரும் நேரான பதில் செல்லல்ல. நீங்களாச்சும் செல்லுங்க, இவட இடம் போயிட்டா?”

கனகசபாபதி றாஹிலாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

“பதிவு நாளைக்குத்தான் ஐயா. ‘பதிஞ்சவுடன வாப்பா பஸ் ஏறிடுவார், அதுக்கு முதல் நான் படிக்கப் போற இடத்த முழுசாப் பாக்கட்டும், வழி தெரிஞ்சாலும் சொல்லிப்போடாதேங்கோ’ எண்டு உங்கட மகள் கேட்டவவாம், மூண்டு பீடத்தில இருந்தும் எனக்குப் போன் வந்திட்டுது.”