வாள் மாஸ்டரும் எட்டு கஜப் பட்டும்

ஒரு துணியை வெட்டுவதற்கு முன் ஒரு மனிதர் எவ்வளவு நேரம் யோசிக்கலாம்? ஒரு நிமிடமா, ஒரு வாரமா? மூன்று வருடமாக எனக்குப் பதில் தெரியவில்லை.

தாம்பரத்திலிருந்து பொத்தேரி வரை ரயில் பாதையின் இரண்டு பக்கமும் சலித்துத் தேடினாலும், கத்தரிக்கோலைக் கண்டு பயப்படும் கட்டிங் மாஸ்டர் இன்னொருவர் கிடைக்க மாட்டார். எங்கள் வாள் மாஸ்டர் ஒருவர்தான்.

கிழக்குத் தாம்பரத்தில் நான்கு குடித்தனம் உள்ள காம்பவுண்டில் நாங்கள் மாடி, அவர் கீழே. சானடோரியம் ரயில் நிலையத்துப் பக்கம் ஓர் ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் அவருக்கு வேலை. துணியை நூறு அடுக்காக மேஜைமேல் விரித்து, ஓரத்தில் கிளிப் போட்டு, மேல் அடுக்கில் மட்டும் சாக்பீஸால் கோடு போட்டு, மின்சாரக் கத்தியை ஒரே ஓட்டமாக ஓட்டுவார். நூறு சட்டைக்கும் ஒரே வெட்டு. "டெய்லரு ஒரு ஆளுக்கு வெட்டுவான். நான் ஒரு தெருவுக்கே வெட்டுவேன்" என்பார். அந்தக் காலத்தில் அவர் விசிலடித்துக்கொண்டே வெட்டுவாராம்.

அந்த விசிலை நிறுத்தியது ஓர் எழுத்து.

புது மெஷின் பொருத்த சிங்கப்பூரிலிருந்து ஒரு சீனாக்காரர் வந்திருந்தார். பிளேடு வந்த அட்டைப்பெட்டியில் ஓர் எழுத்து. இரண்டே கோடு. மேலே கிடையாகப் போய், வலது பக்கம் இறங்கி, அடியில் கொக்கி போல வளையும் கோடு ஒன்று. இடது பக்கம் சாய்ந்து விழும் கோடு ஒன்று. "இன்னா சார் இது?" என்று மாஸ்டர் கேட்டிருக்கிறார். கத்தி என்றார் அவர். வாளும் அதேதானாம். ஆதிகாலத்தில் எலும்பில் கீறும்போது பிடியும் அலகுமாகக் கத்தியின் படத்தையே போட்டார்களாம். தேய்ந்து தேய்ந்து இரண்டு கோடாகிவிட்டது. அலகின்மேல் ஒரு புள்ளி வைத்தால் கூர்முனை. தலைக்கு மேல் இரண்டாகப் பிரியும் கோடுகள் போட்டால் 'பிரி' என்று அர்த்தம். இரண்டு பக்கமும் கூரான போர்வாளுக்கு வேறு பெரிய எழுத்து உண்டு. அதன் ஓரத்திலும் இதே கத்திதான் மெலிந்து நிற்கிறது.

இதோடு நிறுத்தியிருக்கலாம் அந்த மனிதர். கடைசியாக இன்னொன்றும் எழுதிக் காட்டினார். இடது பக்கம் துணி, வலது பக்கம் கத்தி. "இதற்கு என்ன அர்த்தம் சொல்லுங்கள் பார்ப்போம்?"

"கட்டிங்" என்றாராம் மாஸ்டர்.

"இல்லை. ஆரம்பம்."

துணியில் கத்தி படும் அந்த முதல் வெட்டில்தான் உடுப்பு ஆரம்பிக்கிறது. அதனால் அந்த எழுத்துக்கு ஆரம்பம் என்று பொருள். மெஷின்காரர் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார். மாஸ்டர் அந்த எழுத்திலிருந்து திரும்பி வரவேயில்லை.

"இருவது வருசமா வெட்டிகினு கீறேன்மா. ஒரு தபாவாவது ஆரம்பிக்கிறோம்னு நெனைச்சனா?" என்று என்னிடம் கேட்டார். கண் கலங்கியிருந்தது. என் இடுப்பில் குழந்தை, அடுப்பில் பால்.

அன்றிலிருந்து எதை வெட்டுவதற்கு முன்னும், "ஆரம்பிக்கலாமா?" என்று கேட்க ஆரம்பித்தார். துணியைத்தான் கேட்டார். கம்பெனியில் மேஜையைச் சுற்றி ஆட்கள் காத்து நிற்பார்கள். சூப்பர்வைசர் கத்துவார்: "யோவ் மாஸ்டர், அது பதில் சொல்லாதுய்யா, வெட்டுய்யா!" வீட்டிலும் அதே கதை. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒருநாள் அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து புலம்பினார்: "வெண்டிக்கா நறுக்கித் தாய்யான்னு குடுத்தேன். அரை அவுரா அத்தப் பாத்துகினே கீறாரு. வாளும் அரிவாமணையும் ஒரே எழுத்தாம். எனக்கு இன்னாத்துக்கு அது? கொழம்புக்கு யாரு பதில் சொல்றது?" முடிவெட்டும் கடையில் பாதித் தலையில் வெட்டுகிறவரின் கையைப் பிடித்து, "ஒரு நிமிசம் யோசிச்சுக்கப்பா" என்றாராம். யோசித்த கடைக்காரர், பாதித் தலையோடு அனுப்பிவிட்டார். தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி, மின்சார மீட்டர்ப் பெட்டி என்று காம்பவுண்டு முழுவதும் சாக்பீஸில் வாள் எழுதி வைத்தார். வாள் மாஸ்டர் என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. ஏனென்றால் நானும் அந்த ஜாதிதான். டாக்டர் ஒரு ஸ்பூன் மருந்து என்று சொன்னால், எந்த ஸ்பூன் என்று கேட்க மறுபடி ரயில்வே கேட்டைத் தாண்டிப் போவேன்.

அப்போதுதான் விழுப்புரத்திலிருந்து மாமியாரின் பார்சல் வந்தது. அவருடைய கல்யாணப் பட்டு. அந்தக் காலத்து நீளம், எட்டு கஜம். வீட்டின் முதல் பேத்திக்கு முதல் பிறந்தநாள் பாவாடையை அதிலிருந்து வெட்டுவது அவர்கள் குடும்ப வழக்கம். கூடவே கடிதம்: "இரண்டு கஜம் மட்டும் வெட்டித் தைத்து வை. மீதி ஆறு கஜத்தை உன் நாத்தனார் நிச்சயதார்த்தத்துக்குக் கட்டப்போகிறாள். ஜாக்கிரதை."

அந்த 'ஜாக்கிரதை'யை நான் பத்துத் தடவை படித்தேன். பஜாரில் தையல்காரர்களுக்கா பஞ்சம்? ஆனால் யோசிக்காமல் வெட்டுகிறவர்களிடம் கொடுக்கத்தான் பயமாக இருந்தது. உலகத்திலேயே அதிகமாக யோசிக்கும் கட்டிங் மாஸ்டர் கீழ் வீட்டில் இருக்கும்போது வேறு எங்கே போவது? கொடுத்தேன்.

குழந்தைக்கு அளவெடுக்கும் முன் டேப்பின் தகர முனையை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கினார். பட்டைப் பதினெட்டு நாள் வைத்திருந்தார். தினமும் போய் நிற்பேன்.

"மாஸ்டர், வெட்டியாச்சா?"

"பட்டு இன்னும் ஒண்ணும் சொல்லலம்மா."

"வேற டெய்லர்கிட்ட குடுத்துத் தொலையேன்" என்றார் என் கணவர். அதற்கும் எனக்குத் துணிச்சல் இல்லை. கொடுத்ததைத் திரும்பக் கேட்டால் மாஸ்டர் மனது என்னவாகும் என்று ஓர் இரண்டு நாள் யோசித்தேன்.

மறுநாள் காலை பிறந்தநாள். மாமியார் முதல் பஸ்ஸில் வருகிறார். மத்தியானம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். அழுகையே வந்துவிட்டது.

"மாஸ்டர், இன்னிக்கு வெட்டலைன்னா நான் என் வீட்டுக்காரர் மூஞ்சியில கூட முழிக்க முடியாது."

மாஸ்டர் எழுந்தார். பட்டை மேஜைமேல் விரித்தார். இருபது வருடப் பழக்கம், கை தானாக அதைப் பாதியாக மடித்தது, மறுபடி பாதியாக மடித்தது, ஓரத்தில் கிளிப் போட்டது. மடிப்பின் விளிம்பை ஒட்டி ஒரு கோடு போட்டார். பிறகு கத்தரியை என்னிடம் நீட்டினார்.

"இது உங்க கொயந்தையோட ஆரம்பம்மா. நான் வெட்டக் கூடாது. நீங்க வெட்டுங்க."

"எனக்கு வெட்டத் தெரியாது மாஸ்டர்!"

"கோடு கீதுல்ல. அதும்மேலயே போங்க." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

எத்தனை மடிப்பு என்று நான் பார்க்கவில்லை. மாஸ்டர் மடித்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, யோசிக்காமல், கரகரவென்று ஒரே வெட்டு.

அவர் கண்ணைத் திறந்தார். கிளிப்பை எடுத்தார். எட்டு கஜப் பட்டு இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டு மூன்றாகக் கிடந்தது: இரண்டு, நான்கு, இரண்டு.

அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "ஐயையோ! பொடவை பூட்ச்சே!"

மாஸ்டர் துண்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "தப்பு என்னுதும்மா" என்றார். பிறகு, பல மாதங்களுக்குப் பிறகு, யாரையும் எதையும் கேட்காமல் கத்தரியை எடுத்தார். சாயங்காலத்துக்குள் பாவாடை சட்டை தயார். அவ்வளவு அழகான ஒரு பாவாடையை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

மாமியார் பாவாடையைப் பார்க்கவில்லை. துண்டுகளைத்தான் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். "நாலு மடிப்புன்னு கண்ணுக்குத் தெரியலையா? படிச்ச பொண்ணுன்னுதானே கட்டிவச்சோம்" என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட இருக்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். நாத்தனார் நிச்சயதார்த்தத்தில் கடைப் புடவை கட்டினாள். அன்றிலிருந்து மாமியார் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என் கணவர் இரண்டு பக்கமும் கடிதம் எழுதிக் களைத்துவிட்டார்.

மாஸ்டருக்குக் கம்பெனி வேலையும் போயிற்று. துணியோடு பேசுகிற ஆளை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? பள்ளிக்கரணைப் பக்கம் மச்சான் வீட்டுக்குப் போகிறோம் என்றார்கள். விலாசம் வாங்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பிவிட்டது.

இப்போது நாத்தனாருக்குப் பெண் குழந்தை. அடுத்த மாதம் முதல் பிறந்தநாள். போன வாரம் மாமியாரிடமிருந்து ஒரு கார்டு, என் பெயருக்கே: "மீதித் துண்டில் ஒன்றை வெட்டிப் பாவாடை தைத்து எடுத்து வா." மூன்று வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. இந்தத் தடவையும் தப்பானால் எனக்கு அந்த வீடு இல்லை.

நான்கு தையல் கடை ஏறி இறங்கினேன். எல்லோரும் கெட்டிக்காரர்கள். ஒருவர், "அஞ்சு மணிக்கு வாங்கிக்கங்க மேடம்" என்று உடனே கத்தரியை எடுத்தார். நான் துணியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வாசகர்களே, நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த ஐந்து மணிக்காரரிடமே கொடுத்துவிடட்டுமா? நானே வெட்டட்டுமா? இல்லை, குழந்தையையும் பட்டையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கரணையில் வீடு வீடாகத் தேடட்டுமா? நாள் குறைவாக இருக்கிறது, சீக்கிரம் எழுதுங்கள். அந்த நான்கு கடையிலும், அளவெடுக்கும் முன் டேப்பின் தகர முனையை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, "புள்ளைக்குச் சில்லுனு இருக்கும்மா" என்று சொல்கிற ஒருவரை நான் பார்க்கவில்லை.