அமெரிக்க மட்கார்டும் திருச்செங்கோட்டு மட்கார்டும்

பிப்ரவரி 16, ஞாயிறு. காலை 5.10-க்கு எழுந்தேன். செடிகளுக்கு ஆறு குடம் தண்ணீர். 5.50-க்குக் காபி, சர்க்கரை அரைக் கரண்டி. 6.15-க்குப் பிளசரின் பட்டறை வாசல். என் நாட்குறிப்பில் அன்றைய பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. மற்ற நாட்களும் ஏறக்குறைய இப்படித்தான். அந்தப் பக்கம் மட்டும் ஓரம்வரை நிரம்பி, இடம் போதாமல் அடுத்த நாளுக்குள் வழிந்திருக்கிறது.

அமெரிக்காவை ஒரு முறைகூடப் பார்க்காமல், அந்த நாட்டின் மானத்தைக் காப்பாற்றத் தினமும் இரண்டு வேளை சண்டை போடும் மனிதர் இந்தப் பூமியில் பிளசர் ஒருவர்தான்.

ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு பெயர் இருக்கும். யாருக்கும் அது தெரியாது. பழைய ஆட்கள் காரைப் 'பிளசர்' என்பார்கள். காரின் பெயரே மனிதருக்கும் ஒட்டிக்கொண்டது. தொழில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளுக்குப் பாடி கட்டுவது. திருச்செங்கோட்டில் அதற்கு ஆள் பஞ்சமில்லை. ஆனால் பிளசர் பட்டறைக்கு வண்டியை விட்டால் என்னவாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. ஒருமுறை ஒரு ரிக் முதலாளி லாரியை எடுக்க வந்தவர், அதன் பின்பக்கம் இரண்டு இரும்பு றெக்கைகள் வானத்தைப் பார்த்து நிற்பதைக் கண்டு அலறிவிட்டார்.

"ஏனுங்க, பூமிக்குள்ள போற வண்டிக்கு றெக்கை எதுக்குங்க?"

"அமெரிக்காவுல அப்படித்தானுங்க. நின்னாலும் பறக்கற மாதிரி இருக்கோணும்."

முதலாளி திட்டிக்கொண்டே ஓட்டிப் போனார். அடுத்த லாரிக்கும் றெக்கை கேட்டு அவரே வந்தார்.

பிளசரின் உயிர், ஒரு மில் முதலாளியின் கொட்டகையில் கோழிகள் அடைந்துகிடந்த நிலையில் அவர் வாங்கி மீட்ட பழைய அமெரிக்கக் கார். பதினேழரை அடி நீளம். நானே டேப் பிடித்து அளந்தேன். கல்லூரியில் அளவியல் ஆய்வகத்தில் எனக்கு அதுதான் வேலை. பாதி வெண்ணெய் நிறம், பாதி வானத்து நிறம். முன்பக்கம் முழுக்கக் குரோம் பற்கள். செருப்பைக் கழற்றாமல் யாரும் அதில் ஏற முடியாது. அவருடைய சம்பந்தியே வெறுங்காலோடுதான் ஏறினார்.

எதிர்க் கட்சி, டயர் கடை பாய். அவரிடம் இருப்பதும் அமெரிக்க வண்டிதான், ஆனால் புத்தம் புதியது, கறுப்பு, கட்டைகுட்டை. தினமும் டீக்கடையில் இருவரும் மோதுவார்கள்.

"ஏப்பா பாயி, என்ற வண்டி மூஞ்சியப் பாரு, சிரிக்குது. உன்றது ஏன் கடன்காரன் மாதிரி முறைக்குது?"

"சிரிச்சா மைலேஜ் வருமா மாமா? உங்க வண்டியத் திருப்போணும்னா சங்ககிரி வரைக்கும் போயிட்டு வரோணும்."

"கதவு சாத்துனா கேளு, கோயில் கதவாட்டம் சத்தம். உன்றது பிளாஸ்டிக் டப்பா."

"என்றதுல ஆறு ஏர்பேக் இருக்குது. உங்குளுதுல?"

"என்ற வண்டி மோதுனா மரத்துக்குத்தான் ஏர்பேக் வேணும்."

இப்படியே போயிருக்கும். அப்போதுதான் சேலத்தில் பழைய கார் கண்காட்சி என்று அறிவிப்பு வந்தது. வெளித்தகடு எல்லாம் பிறந்தபடியே இருக்கும் வண்டிக்கு 'அசல்' சான்றிதழ். ரிப்பேர் செய்திருக்கலாம், புதிதாகச் செய்து மாட்டிய தகடு இருக்கக் கூடாது. பாய் விடவில்லை.

"சர்டிபிகேட் வாங்குங்க மாமா, அப்புறம் காரப் பத்தி நான் ஒரு வருசம் வாயே தொறக்க மாட்டேன். வாங்கலையா, நீங்க தொறக்கக் கூடாது."

"சரி" என்றார் பிளசர், டீயைக்கூடக் கீழே வைக்காமல்.

ஆனால் அந்தக் காரின் இடது முன் மட்கார்டு அமெரிக்காவைச் சேர்ந்ததல்ல. கொட்டகையில் சுவர் சரிந்து நசுங்கிப்போனதால் பிளசரே அடித்து உருவாக்கியது. நாலு மாதம், மூன்று தகடு வீண். இது தெரிந்தவர்கள் அவரும் நானும் மட்டும். ஒரு வருடம் காரைப் பற்றிப் பேசாதிருப்பது அவருக்கு மூச்சுவிடாமல் இருப்பதற்குச் சமம்.

பதினாறாம் தேதி, சேலம் போகும் வழியில் பிளசர் சொன்னார்: "சார், கேட்டா சொல்லிப்போடுவேன். கேக்காட்டி, நானாப் போயி சொல்ல மாட்டேன்."

கண்காட்சியில் நடுவர்கள் இரண்டு பேர், வெள்ளைக் கையுறையோடு. உள்ளே பார்க்க வேண்டுமென்றால் ஷூவைக் கழற்றச் சொன்னார் பிளசர். கழற்றினார்கள். பிறகு ஒருவர் டார்ச் அடித்து, கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருக்கும் இடுக்கை இரண்டு பக்கமும் அளந்தார்.

"வலது பக்கம் உள்ளூர் டிங்கர் யாரோ கழட்டி மாட்டியிருக்கார் சார். மேல அகலம், கீழ ஒட்டிக்கிட்டிருக்கு. இடது பக்கம் பாருங்க, கோடு கிழிச்ச மாதிரி. அதுதான் அமெரிக்கன் வேலை. ரிப்பேர்தானே, அஞ்சு மார்க் குறைச்சுக்கறோம். சர்டிபிகேட் உண்டு."

ஜெயித்தாயிற்று. தன் வண்டியில் பின்னாலேயே வந்திருந்த பாய்கூடக் கை கொடுக்க வந்துவிட்டார். பிளசரின் முகம் மட்டும் கறுத்துக்கொண்டே போனது.

"சாமி, கொஞ்சம் நில்லுங்க. வலது பக்கம் ஒருத்தரும் கை வெக்கலீங்க. அது அவுங்க மாட்டி அனுப்புனது, அப்படியேதான் இருக்குது. இடதுதானுங்க நான் செஞ்சது. மொத்தமும் புதுத் தகடு."

நடுவர் இடது பக்கத்தைத் தடவினார். மறுபடி தடவினார். "அப்போ அமெரிக்காக்காரனைவிட நீங்க நல்லா செஞ்சிருக்கீங்களே!"

பாராட்டைக் கேட்டு ஒரு மனிதருக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"அப்படிச் சொல்லாதீங்க! அவன் ஒரு நாளைக்கு எத்தன வண்டி மாட்டியிருப்பான்? அன்னைக்குப் புள்ளைக்குக் காச்சலா இருந்திருக்கும். ஊட்டுக்குப் போற அவசரமா இருந்திருக்கும். நான் என்ற ஆயுசுல ஒண்ணே ஒண்ணுதானுங்க செஞ்சேன். அவனுக்கு எதுக்கு அஞ்சு மார்க்கக் குறைக்கறீங்க?"

ஐந்து மார்க் திரும்பக் கிடைத்தது. சான்றிதழ் போனது.

திரும்பும் வழியில் பாய் தன் புது வண்டியை ஆளிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி எங்களோடு ஏறிக்கொண்டார். "மாமா, பந்தயம் ரத்து. வாயத் தொறங்க."

பிளசர் தலையை ஆட்டினார். "சொன்னது சொன்னதுதான். வெயிலு இந்த வருசம் சாஸ்தியாத்தான் இருக்கும் போல." திருச்செங்கோடு வரும்வரை வெயிலைத் தவிர வேறு பேச்சில்லை. அந்த ஒன்றரை மணி நேரம் அந்தக் காரில் எஞ்சின் சத்தம் எவ்வளவு பெரியது என்று முதல் முறையாகக் கேட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள். முதல் வேலையாக, 5.40-க்குப் பட்டறைக்குப் போனேன். எனக்கு முன்பே பாய் வந்து, தரையில் உட்கார்ந்து லைட் பிடித்துக்கொண்டிருந்தார். பிளசர் ஒன்றும் பேசாமல் அளவுக் கருவியை என் கையில் கொடுத்து, வலது மட்கார்டின் இடுக்கைக் காட்டினார்.

"மேலே ஆறு மில்லிமீட்டர், கீழே மூன்று" என்றேன்.

அவர் இடது மட்கார்டின் போல்ட்டுகளைத் தளர்த்தினார். வாஷர் ஒன்றைச் சேர்த்தார், ஒன்றை எடுத்தார். நாலு மாதம் பாடுபட்டுக் கொண்டுவந்த நேர்க்கோட்டை, இருபது நிமிடத்தில், முகம் தெரியாத ஓர் அமெரிக்கத் தொழிலாளியின் கோணலுக்குச் சரியாகக் கோணலாக்கினார். அளந்தேன். மேலே ஆறு, கீழே மூன்று.

பிறகும் அவர் வாய் திறக்கவில்லை. பாய் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் எழுந்து, என் பக்கம் திரும்பி, அவர் காதில் விழும்படி சொல்ல ஆரம்பித்தார்:

"என்ன இருந்தாலுஞ் சார், அந்தக் காலத்து அமெரிக்க வண்டி மாதிரி வராதுங்க..."