ஏழு நாள் குடித்தனம்

விடுமுறைக்கு ஊர் சுற்றப் போகிறவர்களை உங்களுக்குத் தெரியும். விடுமுறைக்குக் குடித்தனம் நடத்தப் போகிறவரைத் தெரியுமா? 'இந்த ஊருக்கே வந்துவிட்டால் எப்படி இருக்கும்' என்று ஒரு வாரம் வாழ்ந்து பார்த்து, மூக்கைச் சுளித்து, மார்க் போட்டு, பத்திரமாகப் பழைய வீட்டுக்கே திரும்பி வந்து சேரும் தனி இனம் அது.

நம்மவர் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் அட்டவணை. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். ஐந்து வருடத்தில் ஐந்து நகரங்களை அலசிக் காயப்போட்டவர். ஒன்றில் காற்று சரியில்லை. ஒன்றில் ஜனங்கள் ரொம்ப மெதுவாக நடந்தார்கள். இன்னொன்றில் எல்லாமே சரியாக இருந்தது, ஊர்ப்பெயர்தான் வாயில் நுழையவில்லை.

ஆறாவது நகரம் வம்பில் மாட்டிவிட்டது. அவர் மனைவி ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறார். அந்த நகரத்தில் புதிதாகத் திறக்கும் கிளைக்கு அவரைத் தலைமைப் பொறுப்பில் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வருடமாக அவர் காத்திருந்த பதவி. மாதக் கடைசித் திங்கட்கிழமைக்குள் வருகிறேன், வரவில்லை என்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

"அதுக்கு முந்தின வாரம் போய்த் தங்கிப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார் அட்டவணை.

"பாத்துட்டு நெஜமாவே முடிவு பண்ணுவீங்களா?"

"இதென்ன கேள்வி?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் சாப்பாட்டு மேசையில் பெரிய காகிதம் விரிந்துவிட்டது. அடுத்த மூன்று வாரம் அந்த வீட்டில் தட்டைக் கையில் ஏந்தித்தான் சாப்பிட்டார்கள். ஏழு நாளும் அரை அரை மணி நேரக் கட்டங்களாயின. திங்கள், காலை எட்டேகால்: வேலைக்குப் போவதுபோல் பேருந்தில் போதல். செவ்வாய்: முடி வெட்டிக்கொள்ளுதல். வியாழன், மாலை நான்கு: லேசாக உடம்பு சரியில்லாமல் போதல், டாக்டரைத் தேடுதல்.

"கடல் இருக்காமே, அது எங்க?" என்று மனைவி கட்டம் கட்டமாகத் தேடினார்.

"அங்கயே இருக்கறவங்க யாராவது கடலப் பாக்கப் போவாங்களாம்மா?"

போய் இறங்கினார்கள். வாரவாடகைக்கு எடுத்த மூன்றாம் மாடி வீட்டில் அவர் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. எல்லாக் குழாய்களையும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டு, தண்ணீரின் வேகத்தைக் குறித்துக்கொண்டு, சுவரைத் தட்டிப் பார்த்து, லிஃப்டின் கதவில் காதை வைத்துக் கேட்டு, கீழே ஓடிப்போய் ஒரு துடைப்பம் வாங்கிவந்தார். ஏழு நாளுக்குத் துடைப்பம் எதற்கு? துடைப்பம் வாங்கினால்தானே குடித்தனம்! முடி வெட்டுகிறவர், "ஊருக்குப் புதுசா?" என்று கேட்டபோது நம்மவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "இல்லயே" என்று கூசாமல் புளுகினார்.

புதன்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டம். அக்கம்பக்கத்தார் குணத்தை அறிய, சும்மா ஓரமாக உட்காரலாம் என்றுதான் போனார். அங்கே ஒரு மணி நேரமாக லிஃப்ட் சண்டை. நான்காம் மாடியில் அது அரையடி மேலே போய் நிற்கிறதாம். ஒருவர் கரண்டைத் திட்டினார், ஒருவர் கட்டியவனைத் திட்டினார். அட்டவணையால் எத்தனை நேரம்தான் பொறுக்க முடியும்? எழுந்தார்; லிஃப்டைப் பிடித்து நிறுத்தும் பிரேக் ஷூ தேய்ந்திருப்பதை மூன்றே நிமிடத்தில் விளக்கினார்; உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கை தூக்கினார். "பேசாம இவரையே செயலாளராப் போட்டுருவோம்!"

இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே வந்தார் நம்மவர். "என்னைச் செயலாளர் ஆக்கிட்டாங்க!"

"எதுக்கு?"

"இந்தக் கட்டடத்துக்கு!"

"நாம ஞாயித்துக்கிழம கெளம்பறோம்ங்க."

"எப்படிச் சொல்றது? எல்லாரும் கை தட்டிட்டாங்களே!"

ஒரு ஊர் தன்னை இரு என்று சொன்னது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்தப் பூரிப்பிலேயே உட்கார்ந்து மார்க்கைக் கூட்டினார். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு!

மறுபடி கூட்டினார், அதே தொண்ணூற்றேழு. இதுவரை எந்த ஊரும் அறுபத்துநான்கைத் தாண்டியதில்லை. தோற்ற ஊரால் ஆபத்தே கிடையாது, நிம்மதியாக வீடு திரும்பலாம். ஜெயித்துவிட்ட ஊரை என்ன செய்வது? வியாழன் முதல் குறை வேட்டை ஆரம்பம். பூங்கா பெஞ்சு வெயிலைப் பார்த்தபடி இருக்கிறது, நான்கு குறை. ஜன்னலில் புறா விடியுமுன் முனகுகிறது, ஏழு குறை. டாக்டர் அளவுக்குமீறிச் சிரிக்கிறார், ஐந்து. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அடித்துப் பிடித்து எழுபத்தொன்றுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஊர் பிடிக்கலயா, இல்ல பயமா இருக்கா?"

பேனாவை மூடிவைத்துவிட்டு, "பயமா இருக்கு" என்றார் அட்டவணை. பாவம், அந்த வாரத்தில் அவர் சொன்ன முதல் உண்மை.

"எனக்கும்தான். அதான் செவ்வாக்கிழமையே ஆஸ்பத்திரில வரேன்னு சொல்லிட்டேன்."

"செவ்வாக்கிழமையா! நான் அப்ப முடி வெட்டிக்கிட்டிருந்தேனே!"

"ஆமா. அந்த ஒரு மணி நேரந்தான் எனக்குக் கெடச்சுது."

அதே கட்டடத்துக்குக் குடிவந்து நாலு மாதமாகிறது. மனைவி பரிசோதனைக் கூடத்தைத் தூள் கிளப்புகிறார். லிஃப்ட் நான்காம் மாடியில் பூப்போல நிற்கிறது. செயலாளரைக் கேட்காமல் அந்தக் கட்டடத்தில் ஒரு பல்பு எரியாது. மனிதருக்கு அப்படியொரு சந்தோஷம். ஆனால் போன வாரம் சாப்பாட்டு மேசையில் மறுபடி பெரிய காகிதம்.

"இது எந்த ஊரு?" என்றார் மனைவி, தட்டைக் கையில் ஏந்தியபடி.

எந்த ஊர்? இவர்கள் காலி செய்துவிட்டு வந்த அதே ஊர்தான்!

"ஒரு வாரம் தங்கிப் பாப்போம்மா. குடியிருக்க நல்ல ஊருன்னு சொல்றாங்க."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் செல்போனை எடுத்து, வானிலை காட்டும் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் ஊருக்குக் கீழே நீங்களே சேர்த்துவைத்த இன்னோர் ஊரின் பெயர் இருக்கிறதே, அங்கே நாளைக்கு மழை பெய்தால் உங்களுக்கென்ன, வெயில் அடித்தால் உங்களுக்கென்ன?